ஒருகொடவத்தையில் கிடைத்த கார்ட்

கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அதற்கு முன் பல வருடங்கள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமலே படித்தவள். கனடாவில் இருந்த அண்ணா எங்களை ஸ்பொன்சர் செய்திருந்தார். விசா வரும்வரை அம்மாவும் நானும் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடி வீட்டில் அறை எடுத்துத் தங்கினோம். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. அப்போது வெள்ளவத்தையில் பாதிப் பேர் எங்களைப் போல வெளிநாடு போவதற்காக வந்து தங்கியிருந்தவர்கள். காலையில் மாடிப்படிகளில் சந்தித்தால், "சாப்பிட்டாச்சோ" என்று கேட்பதுபோல, "இன்ரவியூ வந்திட்டுதோ" என்று கேட்டுக்கொள்வோம்.

சும்மா இருக்கவேண்டாம், ஏதாவது பழகு என்று அண்ணா சொன்னதால் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். வகுப்பு முடிந்ததும் காலி வீதியில் கொம்பியூட்டர் திருத்துகிற ஒரு கடையில் வேலை கிடைத்தது. கீழே சேலைக்கடை, மேலே நாங்கள். எனக்கு முன்பே அங்கே வேலை செய்துகொண்டிருந்தவரை முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. "கொட்டாஞ்சேனை, இங்க வாங்க" என்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வடகொழும்பில் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். தகப்பன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து இறந்துபோனார். தாயோடு தனியே இருந்தார். என்னைவிட மூன்று நான்கு வயது கூடியவர்.

அவருடைய மேசைக்குக் கீழே இரண்டு பிஸ்கட் தகரங்கள் இருந்தன. மற்றவர்கள் கழித்துவிட்ட விஜிஏ கார்டுகளை அவற்றில் போட்டுவைத்திருந்தார். மொனிட்டரில் படம் வரவேண்டுமென்றால் கொம்பியூட்டருக்குள் செருகியிருக்க வேண்டிய பச்சைப் பலகை அது. புதிது வர வர, பழையதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அவர் எறியமாட்டார். பழைய பல்துலக்கியால் தூசி தட்டி, செருகிப் பார்த்து, செய்தித்தாளில் சுற்றி வைப்பார்.

"ஏன் இதுகளைச் சேர்க்கிறீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

ஒன்றை எடுத்துச் செருகி மெசினைப் போட்டார். கறுப்புத் திரையில், வேறு எதுவும் வருமுன், செய்த கொம்பனியின் பெயரும் ஏதோ இலக்கங்களும் ஒரு கணம் தோன்றி மறைந்தன.

"பாத்தீங்களா? மெசின் முழிக்கிறதுக்கு முந்தி இந்தக் கார்ட்தான் மொதல்ல பேசும். அது பேசுற வார்த்தை இந்தச் சிப்புக்குள்ள இருக்கு." கார்டின் ஓரத்தில் இருந்த கறுப்புச் சிப்பைத் தொட்டுக் காட்டினார். அதன் நடுவில் சின்னக் கண்ணாடி வட்டம். அதன்மேல் ஒரு ஸ்டிக்கர். "ஸ்டிக்கர் கழண்டு வெயில் பட்டா உள்ள இருக்கிறது அழிஞ்சிடும். வெயில் படாட்டியும், வயசு போகப் போக ஒவ்வொண்ணா மறந்திடும். அதுக்கு முந்தி கொப்பி எடுத்து வெச்சிடணும்."

கொப்பி எடுப்பது கடினமான வேலை இல்லை. சில கட்டளைகளைத் தட்டினால் சிப்புக்குள் இருந்ததெல்லாம் ஒரு சின்னக் கோப்பாகப் பிளொப்பியில் வந்து விழும். சிப் செத்துப்போன கார்ட் ஒன்று திருத்த வந்தால், வெறும் சிப் ஒன்றில் அந்தக் கோப்பை எழுதிச் செருகி உயிர்கொடுக்கலாம். அவர் அப்படிச் சிலவற்றை எழுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்காக அவர் சேர்க்கவில்லை என்பதும் எனக்கு விளங்கியது. அந்த ஒரு கணத்து எழுத்துகளைப் பார்க்கும்போது அவருடைய முகத்தில் வருகிற சந்தோசத்துக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. மெல்ல மெல்ல எனக்கும் அது தொற்றிவிட்டது. நான் செருகுவேன், அவர் கட்டளைகளைத் தட்டுவார், பிளொப்பியின் முதுகில் நான் பெயர் எழுதுவேன்.

சனிக்கிழமைகளில் கடை மதியத்தோடு பூட்டும். பஸ் ஏறி ஒருகொடவத்தைக்குப் போவோம். கொள்கலன் லொறிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற அந்த வீதியோரத்தில் ஒரு யார்ட் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்த பழைய கொம்பியூட்டர்களும் கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்டவையும் அங்கே மழைக்குக் கட்டிய படங்குக்குக் கீழே குவிந்துகிடக்கும். கார்டுகளின் ஓரத்தில் பூசியிருக்கிற துளித் தங்கத்துக்காக, நகைக்கடைகள் இருக்கிற செட்டியார் தெருப் பக்கமிருந்து ஆட்கள் வந்து சாக்கில் அள்ளிப்போவார்கள். திராவகத்தில் போட்டு அவிப்பார்களாம். அவர்கள் வருமுன் நாங்கள் போய்விட வேண்டும். கையெல்லாம் கறுத்து, தலைமுடி துருவும் தூசியுமாக நான் வீட்டுக்கு வருகிறபோது, "ஒரு பொம்பிளைப் பிள்ளை செய்யிற வேலையே இது?" என்று அம்மா கேட்பா. யாரோடு போகிறேன் என்று மட்டும் அம்மா ஒருநாளும் கேட்கவில்லை.

வீதியில் சோதனைச் சாவடிகள் எப்போதும் இருந்தன. அடையாள அட்டையை எல்லோரும் ஐசி என்போம். கார்டில் இருக்கிற சிப்புக்கும் எங்கள் தொழிலில் அதே பெயர். ஒருமுறை பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியபோது, சட்டைப் பையில் கையை விட்டபடி, "எந்த ஐசியக் குடுக்கிறது?" என்று என் காதருகே கேட்டார். சிரிப்பை அடக்கமுடியாமல் நான் இருமினேன். பயப்படாமல் சிரித்தது கொழும்பில் எனக்கு அதுதான் முதல் தடவை.

அந்தக் கார்ட் ஒரு மழைநாளில் கிடைத்தது. குவியலின் அடியில், நீளமான பழைய பலகை. சிப்பின் கண்ணாடியை மூடியிருந்த ஸ்டிக்கரில் நீலப் பேனையால் தமிழில் 'த' என்று எழுதியிருந்தது. நான்தான் முதலில் கண்டேன். யாரோ விளையாட்டாக எழுதியிருக்கலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை கடையில் அதைத் துடைத்துச் செருகி மெசினைப் போட்டோம்.

திரையில் தமிழ் வந்தது.

'வணக்கம். எழுத்து வருகிறது, பொறுங்கள்.'

புள்ளி புள்ளியாக, கொஞ்சம் நெளிந்த எழுத்துகள். தமிழை அச்சடிக்கிற கொம்பியூட்டர்கள் அப்போது இருந்தன. ஆனால் எந்த மென்பொருளும் தொடங்குமுன், மெசின் கண்விழிக்கும் கணத்திலேயே, அந்தக் கறுப்புத் திரையில் தமிழை நாங்கள் இருவரும் கண்டதில்லை. அவர் மெசினை நிறுத்திவிட்டுத் திரும்பவும் போட்டார். திரும்பவும் வணக்கம்.

"எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிக்குது," என்றார். "யாரோ உக்காந்து ஒவ்வொரு எழுத்தா புள்ளி வெச்சிருக்கான்."

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். யாரோ என்னிடம் என் பாஷையில் பொறுங்கள் என்கிறார்கள். கொழும்புக்கு வந்த நாளிலிருந்து சாவடியிலும் அலுவலகத்திலும் எத்தனையோ பேர் என்னைப் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். இப்படி ஒருவரும் சொன்னதில்லை.

அன்றைக்கே கொப்பி எடுத்தோம். பிறகு சின்ன நிரல் ஒன்றை எழுதி, சிப்பில் இருந்த எல்லா எழுத்துகளையும் வரிசையாகத் திரையில் வரவழைத்தோம். ழகரத்தின் வால் கட்டத்துக்குள் அடங்காததால் குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. ஔ இல்லவே இல்லை. செய்தவர் இடம் போதாமல் விட்டிருப்பார்.

"இதச் செஞ்ச ஆள ஒருக்காப் பாக்கணும்," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதன்பின் சில சனிக்கிழமைகள் கொட்டாஞ்சேனையிலும் ஆமர் வீதியிலும் தமிழ் அச்சகங்களாக ஏறி இறங்கினோம். ஒரு அச்சகத்தில் மட்டும் மனேஜருக்கு ஞாபகம் இருந்தது. சில வருடங்களுக்கு முன், மெல்லிய உடம்போடு ஓர் இளம் இஞ்சினியர் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, தமிழ் தெரியும் மெசின் என்று காட்டினாராம். அவர்கள் வாங்கவில்லை. "திரும்பி வாரன் எண்டு சொல்லிட்டுப் போனவர். வரவே இல்ல," என்றார் மனேஜர். அந்த இஞ்சினியர் எங்கே போனார், உயிரோடு இருக்கிறாரா என்று அந்த நாட்டில் அந்தக் காலத்தில் யாரால் சொல்லமுடியும்?

திரும்பி வரும்போது, பக்கத்தில்தான் என்று சொல்லி, கொட்டாஞ்சேனைக்காரர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கவுன் போட்ட, உயரமான தாய். கேக் துண்டும் தேத்தண்ணியும் தந்தார். சுவரில் யேசுவின் படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. மகன் எழும்பி உள்ளே போன நேரம், "மகள், ஒங்களுக்கு விசா எப்ப வரும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "ஆ," என்றார். அதற்குள் எல்லாக் கேள்வியும் இருந்தது.

ஒரு கிழமைக்குள் நகரத்தில் குண்டு வெடித்தது. சாவடிகள் இரட்டிப்பாகின. வீடுகளைச் சோதிக்கிறார்கள் என்று, வீட்டில் சேர்த்திருந்தவற்றையும் அங்கே கொண்டுபோயிருந்த அந்தத் தமிழ்க் கார்டையும் கடைக்கு மாற்றுவதற்காக, அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தோள்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் மறித்தார்கள். பலகைகள், கம்பிகள், சிப்புகள், அவற்றில் ஒன்றில் தமிழ் எழுத்து. அப்படியே ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அந்தத் தாய் கடைப் படியேறி வந்தார். பூசைக்குப் போகிற கவுன், கையில் செபமாலை.

"குண்டுச் சாமான்னு சொல்றாங்க மகள். டிவி சாமான்னு சொன்னேன், நம்பல. நீங்க வந்து ஒருக்கா சொல்லுங்க."

முதலாளி கையைப் பிசைந்தார். அவருக்கும் பயம், நான் குறைசொல்லமாட்டேன். "மெசினக் கொண்டுபோங்க, மொனிட்டரையும் கொண்டுபோங்க. என்னால வர ஏலாது," என்றார். ஓட்டோ பிடிக்க இறங்கும்போது அம்மா சாப்பாட்டுப் பெட்டியோடு எதிரே வந்துவிட்டா. விசயத்தைச் சொன்னேன்.

"உனக்கென்ன விசரோ? யாழ்ப்பாணத்து ஐசியோட நீயாப் போய்ப் பொலிசுக்குள்ள ஏறப்போறியோ? கொண்ணை கனடாவில பாடுபட்டு விசா அலுவல் பாக்கிறான்."

"அம்மா, அது என்னெண்டு காட்ட எனக்குத்தான் தெரியும்."

அம்மா என்னையும் அந்தத் தாயையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு சாப்பாட்டுப் பெட்டியை அந்தத் தாயின் கையில் கொடுத்து, "பொடியனுக்கும் குடுங்கோ," என்றா.

ஓட்டோவில் மொனிட்டரைத் தாய் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தார். என் சிங்களம் கடையில் தேங்காய் வாங்குகிற அளவுக்குத்தான். அவர் துறைமுகத்துக் கொட்டாஞ்சேனைக்காரி. தண்ணீர்போலப் பேசுவார். பொலிஸ் நிலையத்தில் அந்த அதிகாரியோடு அவர் பேச, நான் தலையைக் குனிந்துகொண்டு வயர்களைப் பொருத்தினேன். ஒரு ஆணி கீழே விழுந்து உருண்டது. ஒரு கொன்ஸ்டபிள் குனிந்து எடுத்துத் தந்தார்.

மேசையில் கார்டுகளைப் பரப்பிவைத்திருந்தார்கள். எதையாவது ஒன்றைச் செருகிக் காட்டலாம் என்று நான் கை நீட்டினேன். அதிகாரி தலையை ஆட்டினார். தமிழ் எழுத்து ஒட்டியிருந்ததை விரலால் தள்ளினார்.

அதைத்தான் செருகினேன். வேறு வழியில்லை. மெசினைப் போட்டேன். திரை கொஞ்சநேரம் கறுப்பாக இருந்தது. பிறகு அந்த நெளிந்த எழுத்துகள்.

"மே மொனவத கியன்னே?" என்றார் அதிகாரி. இது என்ன சொல்கிறது என்ற கேள்வி எனக்கே விளங்கியது.

தாய் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். "வணக்கம். எழுத்து வருகிறது, பொறுங்கள்." பிறகு சிங்களத்தில் சொன்னார். அதிகாரி நம்பவில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டு, தாயை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, திரும்ப வாசிக்கச் சொன்னார். அவரும் அதையே சொன்னார். அதிகாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாயை உள்ளே கூப்பிட்டு, மற்ற எல்லாக் கார்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொன்னார்.

நல்லவை விழித்தன. ஆனால் அந்தப் பையில் செத்தவையும் இருந்தன. செத்த கார்ட் ஒன்றைப் போட்டு, திரை கறுப்பாகவே இருக்கிற ஒவ்வொரு முறையும் அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இது பழுதாப்போனது, சேர்," என்று நான் சொன்னதைத் தாய் சிங்களத்தில் சொல்ல, "அப்ப ஏன் வெச்சிருக்கான்?" என்று அதிகாரி தாயிடம் கேட்டார். தாய் என்னைப் பார்த்தார். செத்ததை ஒருவன் ஏன் வைத்திருப்பான் என்பதற்கு எங்களிடம் எந்தப் பாஷையிலும் பதில் இல்லை.

கடைசியில் உள்ளே வைத்திருந்த மகனையே கூட்டிவந்தார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது. சட்டையில் பொத்தான்கள் இல்லை. தாய் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் கையில் பிடித்திருந்த கார்டைப் பார்த்தார்.

"கார்ட மாத்தும்போது கரண்ட ஓஃப் பண்ணுனீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

செத்த கார்டுகளின் சாமான்களைக் கழற்றி மற்றதைத் திருத்துவது எப்படி என்று அவர் சிங்களத்தில் விளக்கினார். அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மோசமானவர் என்று நான் எழுதமாட்டேன், கண் வீங்கியது யாரால் என்றும் எனக்குத் தெரியாது. அடுத்த நாள் பின்னேரம் விட்டார்கள். கார்டுகளை வைத்துக்கொண்டார்கள். பிறகு தருவோம் என்றார்கள், தரவில்லை. 'த' என்று எழுதியதும் அங்கேயே போனது. பிளொப்பிகள் மட்டும் கடை மேசை லாச்சிக்குள் இருந்தன.

அவர் கொஞ்சநாள் கழித்து வேலைக்கு வந்தார். சிரிப்புக் குறைந்திருந்தது. ஒருகொடவத்தைக்குப் போகலாமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பின்னேரங்களில் கடை பூட்டியபின் அவர் கோட்டைக்கு ரயில் எடுப்பார். நான் வெள்ளவத்தை ஸ்டேசன்வரை கூடப்போவேன். தண்டவாளத்துக்கு அப்பால் உடனே கடல். அலை பெரிதாக அடிக்கிற நாட்களில் மேடைவரை தூவானம் வரும்.

அங்கே வைத்துத்தான் சொன்னார். "அம்மா வீட்டு நகையெல்லாம் குடுத்து இத்தாலிக்குப் போக ஒழுங்கு பண்ணிட்டாங்க. அங்க மாமா ஒருத்தர் இருக்காரு."

"எப்ப?"

"மழை முடிய."

ரயில் தூரத்தில் பம்பலப்பிட்டிப் பக்கம் வளைவதுபோல எனக்குத் தோன்றியது. அது எதிர்த்திசை ரயில். அவருடையது வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

"நீங்க போனா நானும் தனியாத்தானே நிப்பேன் இங்க," என்றார். "ஒங்க விசா வராம இருக்கணும்னு ஒருநாள் கோயில்ல கேட்டேன். பாவம்தானே? அடுத்த நாளே போய் மாத்திக் கேட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தால், "ரயில் வருது" என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவருடைய கையில் இருந்த குடையை வாங்கி, அவர் ஏறும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குமேல் எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததாகத்தான் இத்தனை காலமும் எனக்குள் இருக்கிறது.

அவர் போய்ச் சில மாதங்களின் பின் ஒரே ஒரு தடவை கடைக்குப் பக்கத்தில், வெளிநாட்டு அழைப்புகள் பேசுகிற கொமினிகேஷனுக்கு அழைப்பு எடுத்தார். தாயிடம் நேரம் சொல்லி அனுப்பியிருந்ததால் நான் போய்க் காத்திருந்தேன். டெலிபோன் கூண்டுக்கு வெளியே தங்கள் பிள்ளைகளோடு பேசக் காத்திருந்தவர்களின் வரிசை. அவர் குரல் ஒரு நொடி பிந்திப் பிந்தி வந்தது. ஒரு வயோதிபரைப் பராமரிக்கிற வேலையாம். குளிராம். "பிளொப்பியெல்லாம் ஈரம் படாம வைங்க," என்றார். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தினோம். அப்படியே நேரம் முடிந்தது.

அடுத்த வருடம் எங்களுக்கு விசா வந்தது. கனடா, அண்ணா, பனி, பிறகு கல்யாணம், பிள்ளைகள். அவர் நல்ல மனிதர், என் கணவர். நிலவறையில், கொழும்பிலிருந்து கொண்டுவந்த பிளொப்பிகளோடு, ஒரு அலுமாரி முழுக்கப் பழைய விஜிஏ கார்டுகள் இருக்கின்றன. தேவாலய விற்பனைகளிலும் வீட்டு வாசல் விற்பனைகளிலும் வாங்கியவை. ஒவ்வொன்றையும் செருகி, கொப்பி எடுத்து, பெயர் எழுதி வைக்கிறேன். "இவவுக்கு இது ஒரு பொழுதுபோக்கு," என்று கணவர் விருந்தாளிகளுக்குச் சொல்வார். நானும் ஓம் என்பேன்.

போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, உறவுக்காரப் பிள்ளை ஒன்றின் திருமணத்துக்காக வட இத்தாலிக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை காலை மற்றவர்கள் கடைகளுக்குப் போக, தலையிடி என்று சொல்லிவிட்டு, இலங்கை ஆட்கள் பூசைக்குக் கூடுகிற தேவாலயத்தை விசாரித்துப் போனேன். அவர் அந்த நகரத்தில்தான் இருக்கிறாரென்று எனக்குத் தெரியாது. இத்தாலி எவ்வளவு பெரியது என்றும் தெரியும். பின்வரிசையில் இருந்தேன். சிங்களத்தில் ஒரு பாட்டு, தமிழில் ஒரு பாட்டு. நரைத்த ஆண்களின் பின்கழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒருவர் திரும்பியபோது நான் பாதி எழும்பிவிட்டேன். அவர் வேறு யாரோ.

பூசை முடிந்ததும் வாசலில் மேசை போட்டு, ஒரு பெண் றோல்ஸும் பற்றிஸும் விற்றுக்கொண்டிருந்தாள். "அக்கா எங்க, புதுசா இருக்கீங்க?" என்றாள். அச்சு அசலாகக் கொட்டாஞ்சேனைக் குரல்.

"கனடாவில இருந்து வந்தனான்," என்றேன்.

"யாரையும் தேடுறீங்களா?"

"இல்ல," என்றேன். ஒரு றோல்ஸ் வாங்கி, எல்லோரும் கலைந்துபோகும்வரை தேவாலயப் படியில் இருந்துகொண்டு மெதுவாகச் சாப்பிட்டேன்.